பழைய கிரெடிட் கார்டு பாக்கிக்காகக் கணக்கை முடக்கிவிட்டார்களா? காரைக்குடியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஏ.டி.எம்.மில் இருப்பு 84,310 ரூபாய் என்று காட்டும். 2,000 கேட்டால் கொடுக்காது. இயந்திரம்தான் பழுது என்று நினைத்து எதிர்த்த ஏ.டி.எம்.முக்குப் போனால் அங்கேயும் அதே கதை. அப்புறம் கிளைக்குப் போவோம். கவுண்டரில் இருப்பவர் திரையைப் பார்த்துவிட்டு, “லீன் போட்டிருக்கு ஆச்சி” என்பார். லீன் என்றால் கணக்கில் இருக்கும் பணத்தை எடுக்க முடியாதபடி பிடித்து வைப்பது; அது ஆச்சிக்குத் தெரியாது. அதைப் போட்டது யார் என்று பல நேரம் சொல்கிறவருக்கும் தெரியாது.

இது என் தெருவிலேயே நடந்தது. ஆச்சியின் மகன் சென்னையில் வேலை பார்த்தபோது 2014-இல் வாங்கிய கார்டு. வேலை போனது. 2017 ஜனவரிக்குப் பிறகு ஒரு பைசா கட்டவில்லை. அன்றைய பாக்கி 62,000 ரூபாய். இப்போது வட்டி, தாமதக் கட்டணம் எல்லாம் சேர்த்து 2,38,000 என்றார்கள். ஆச்சிக்கு முட்டிவலி, நடக்க முடியாத நாளில் அவன் எடுத்துக் கொடுக்கட்டுமே என்று தன் கணக்கில் மகன் பெயரையும் சேர்த்து வைத்திருந்தார். பிடிபட்டது ஆச்சியின் வாடகைப் பணம்.

நான் முப்பது வருடம் வங்கிக் கவுண்டருக்கு உள்பக்கம் இருந்தவன். ஓய்வுபெற்ற பிறகு செக்காலையில் என் வீட்டுத் திண்ணைக்கு இந்த மாதிரி கடிதங்களோடு யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். நான் வக்கீல் இல்லை. கோர்ட் படி ஏற வேண்டிய இடம் வந்தால் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும், அது எந்த இடம் என்பதைக் கீழே சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னாலேயே பாதி வேலை நம் கையில் இருக்கிறது.

வருகிறவர்களிடம் நான் மூன்று கேள்விதான் கேட்பேன். பணத்தைப் பிடித்தது யார்? கடைசியாகப் பணம் கட்டியது எந்தத் தேதி? பிடிபட்டது என்ன பணம்? கடன் எவ்வளவு என்பதை நாலாவதாகத்தான் கேட்பேன். எல்லோரும் தொகையைச் சொல்லித்தான் அழுகிறார்கள், வழக்கு திரும்புவதோ முதல் மூன்றில்.

முதல் வேலை: பிடித்தது யார் என்று எழுத்தில் வாங்குங்கள்

கணக்கு நிற்பதற்குப் பல காரணம் இருக்கலாம். கார்டு கொடுத்த அதே வங்கியில் சேமிப்புக் கணக்கும் இருந்தால், வங்கி தானாகவே பிடித்து வைத்திருக்கலாம். வேறு வங்கியின் கார்டு என்றால், அந்த வங்கி சிவில் கோர்ட்டில் தீர்ப்பு வாங்கி, அதை அமல்படுத்தக் கோரி நிறைவேற்று மனு போட்டு, கோர்ட் மூலம் உங்கள் வங்கிக்கு உத்தரவு அனுப்பியிருக்கலாம். இதைத்தான் வக்கீல்கள் கார்னிஷி என்பார்கள். மூன்றாவது, ஆர்பிட்ரேட்டர் எனப்படும் நடுவர் போட்ட இடைக்கால உத்தரவு. இவை தவிர வருமான வரித்துறையும் பிடிக்கலாம், சைபர் கிரைம் போலீசும் பிடிக்கலாம். யு.பி.ஐ.யில் யாரோ அனுப்பிய திருட்டுப் பணம் நம் கணக்கு வழியாகப் போனதற்காக முடங்கிய கணக்கை, கார்டு கடனுக்காக முடங்கியது என்று நினைத்து ஏஜென்டிடம் 15,000 கட்டிவிட்டு வந்தவரையும் பார்த்திருக்கிறேன். நோய் ஒன்று, மருந்து வேறு.

ஆகவே கிளைக்குப் போய் வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். கீழ்க்கண்ட மாதிரி ஒரு கடிதம் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கிளையின் மின்னஞ்சலுக்கும் ஒன்று.

“கிளை மேலாளர் அவர்களுக்கு. மேற்படி எண்ணுள்ள என் சேமிப்புக் கணக்கில் பணம் எடுக்க முடியாதபடி நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. (1) நிறுத்தி வைக்கப்பட்ட தேதி, தொகை. (2) யாருடைய உத்தரவின் பேரில். (3) கோர்ட் அல்லது நடுவர் உத்தரவு என்றால் வழக்கு எண்ணும் உத்தரவின் நகலும். (4) வங்கியே செய்தது என்றால் எந்த ஒப்பந்தப் பிரிவின்படி, எனக்கு முன்னறிவிப்பு அனுப்பிய தேதி, அதன் நகல். (5) கோரப்படும் கடனுக்கான முழுக் கணக்கு விவரம், ஆரம்பம் முதல். இவற்றை எழுத்துமூலம் தரக் கோருகிறேன். இக்கடிதம் எந்தக் கடனையும் ஒப்புக்கொள்வதாகாது.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஏன் என்பது அடுத்த பகுதியில் வருகிறது.

பொதுத்துறை வங்கி என்றால் தகவல் உரிமைச் சட்டத்திலும் 10 ரூபாய் கட்டணத்தோடு இதே கேள்விகளைக் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். தனியார் வங்கிக்கு அந்த வழி இல்லை.

ஒரு விஷயம் எனக்கு வேடிக்கையாக இருக்கும். 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி, காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் கிளை திறந்து இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியது. பர்மாவிலும் மலேயாவிலும் கைப்பெட்டி வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்திய ஊர் இது. அந்த ஊர்க்காரரே மேலாளர் மேசைக்கு முன்னால் நின்று ‘எதனால் பிடித்தீர்கள்’ என்று கேட்கக் கூச்சப்படுகிறார். பேரேட்டில் தேதியும் பேரும் இல்லாமல் பற்று எழுத அந்தக் காலத்து அடுத்தாளை (கடை உதவியாளரை) விட்டிருப்பார்களா? வங்கியிடமும் அதையேதான் கேட்கிறோம்.

பதில் வரும்வரை ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள்

லீன் போட்ட மறுநாளே போன் வரும். “சார், இப்போதைக்கு ஒரு 1,000 கட்டுங்க, கணக்கை ஓப்பன் பண்ணிடுறோம்.” அல்லது வீட்டுக்கே வந்து, “ஒரு கையெழுத்து போடுங்க, டைம் வாங்கித் தர்றோம்” என்பார்கள். அந்த 1,000 ரூபாய்தான் சில நேரம் 2 லட்சத்துக்கு வழிவிடுகிறது.

காரணம் காலவரம்புச் சட்டம், 1963. கார்டு பாக்கிக்காகச் சிவில் வழக்குப் போட வங்கிக்கு இருப்பது 3 வருடம். பொதுவாகக் கட்டுவதை நிறுத்திய நாளிலிருந்து எண்ணுவார்கள். அந்த 3 வருடம் முடியும் முன் நீங்கள் ‘ஆமாம், பாக்கி இருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் 18-ஆவது பிரிவின்படி அன்றிலிருந்து புதிதாக 3 வருடம். ஒரு பகுதி கட்டி, அதற்கு உங்கள் எழுத்தோ கையெழுத்தோ இருந்தால் 19-ஆவது பிரிவின்படி அதேதான். காலம் முடிந்த பிறகு வெறுமனே ஒப்புக்கொண்டால் கடன் எழுந்து உட்காராது. ஆனால் ‘கட்டுகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், ஒப்பந்தச் சட்டம் 25(3)-இன்படி அது செல்லுபடியாகும் புது ஒப்பந்தம். செத்த கடனுக்கு நாமே உயிர் கொடுத்ததாகிவிடும்.

கணக்குப் போடும்போது கொரோனாவை மறக்காதீர்கள். 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களைக் காலவரம்பில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏறக்குறைய 2 வருடம். ஆச்சி மகன் கதையில் கடைசித் தேதி 2017 ஜனவரி. 3 வருடம் 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டதால் கொரோனாக் கழிவு வங்கிக்கு உதவாது. அதுவே 2018 ஜூன் என்றிருந்தால் கதை வேறு: 2021-இல் முடிந்திருக்க வேண்டியது 2023 வரை இழுத்திருக்கும். அதனால்தான் ‘பழைய கடன், காலாவதி’ என்று யாராவது சொன்னால், தேதியைக் காட்டு என்கிறேன்.

தேதியைக் கண்டுபிடிக்க எளிய வழி, நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கை. வருடத்துக்கு ஒருமுறை இலவசமாக எடுக்கலாம். அதில் அந்தக் கார்டுக்கு நேரே கடைசியாகக் கட்டிய தேதி இருக்கும். பழைய பாஸ்புக்கில் இ.சி.எஸ். (கணக்கிலிருந்து தானாகக் கழியும் தவணை) பிடித்த வரிகளையும் பாருங்கள். ‘ரைட் ஆஃப்’ என்று போட்டிருந்தால் கடன் தள்ளுபடி ஆகிவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். அது வங்கி தன் கணக்குப் புத்தகத்தைச் சுத்தம் செய்வது. வசூல் உரிமை அப்படியேதான் இருக்கும்.

வட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதை இன்னும் பலர் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அந்த ஆயுதம் இப்போது மொக்கை. ஆனால் கட்டாமல் விட்ட கட்டணங்களையும் வரியையும் அசலில் சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகள் சொல்கின்றன. முழுக் கணக்கு விவரம் கேட்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

வங்கியே பிடித்திருந்தால்

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், இரண்டு பக்கமும். ‘மூணு வருஷம் ஆயிடுச்சு, கை வைக்க முடியாது’ என்று வாடிக்கையாளர் நினைக்கிறார். முடியும். காலவரம்பு கோர்ட்டுக்குப் போகும் வழியை அடைக்கிறதே தவிரக் கடனை அழிப்பதில்லை. வங்கியின் கையிலேயே உங்கள் பணம் இருந்தால் காலாவதியான கடனுக்கும் அதை ஈடுகட்ட முடியும் என்று 1992-இல் பஞ்சாப் நேஷனல் பேங்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் இருந்தது ஜாமீன்தாரர் ஈடாகக் கொடுத்த டெபாசிட். சும்மா சம்பளம் விழும் சேமிப்புக் கணக்கும் அதுவும் ஒன்றா என்று வாதாட இடம் இருக்கிறது, ஆனால் தீர்ப்பே இல்லை என்று நினைத்துக்கொண்டு போகக் கூடாது.

வங்கி என்ன நினைக்கிறது? ஒப்பந்தச் சட்டம் 171-ஆவது பிரிவில் பேங்கருக்கு லீன் உண்டு, கார்டு விண்ணப்பத்தில் கையெழுத்தும் உண்டு, போதும். போதாது. ஈடுகட்டல் என்பதற்கு ஒரு அடிப்படை விதி இருக்கிறது: கடன்பட்டவரும் பணத்துக்கு உரியவரும் ஒரே ஆளாக, ஒரே உரிமையில் இருக்க வேண்டும். மகன் தனியாகப் பட்ட கடனுக்கு, அம்மாவும் மகனும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கை எடுத்துக்கொள்ள முடியாது.

ஆச்சி விஷயத்தில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். மூன்று வருடப் பாஸ்புக்கை முற்றத்துத் தூண் ஓரம் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தோம். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிவாக்கில் 6,500 ரூபாய் வாடகை வரவு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெபாசிட் வட்டி. மகன் போட்ட பணம் என்று ஒரு வரிகூட இல்லை. வரவுகளைப் பச்சைப் பேனாவில் கோடிட்டு, வாடகை ஒப்பந்த நகலையும் டெபாசிட் ரசீதுகளையும் இணைத்து, ‘இது என் பணம், கடன் என்னுடையது இல்லை, கார்டு ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை’ என்று மூன்றே பத்தியில் ஒரு புகார். கிளைக்கு ஒன்று, புகார்களைக் கவனிக்கும் வங்கியின் தலைமை நோடல் அதிகாரிக்கு ஒன்று. கிளையிலிருந்து, “மேலே கேட்டிருக்கோம் ஆச்சி, பொறுங்க” என்ற பதில்தான். 23-ஆவது நாள் லீன் எடுக்கப்பட்டது. மன்னிப்பெல்லாம் வரவில்லை, குறுஞ்செய்திதான் வந்தது.

30 நாளாகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன் எனப்படும் குறைதீர்ப்பாளர். சி.எம்.எஸ். என்ற இணையதளத்தில் இலவசமாகப் பதியலாம், வக்கீல் வேண்டாம். சந்தேகம் கேட்க 14448. முதலில் வங்கிக்கு எழுதிய புகாரின் நகல் இல்லாவிட்டால் இங்கே எடுபடாது. இதே விஷயம் கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கோர்ட் உத்தரவு என்றால்: நாட்களை எண்ணுங்கள்

வங்கியிடம் இங்கே சண்டை போட்டுப் பயனில்லை. உங்கள் வங்கி இந்த விஷயத்தில் தபால்காரர் மாதிரி. கோர்ட் சொன்னால் பிடித்தாக வேண்டும்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது நேரும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். சென்னையில் வாடகை வீட்டில் இருந்தபோது வாங்கிய கார்டு. வேலை போய் ஊருக்கு வந்துவிடுகிறார்கள். வங்கி அந்த வாடகை வீட்டு விலாசத்துக்குச் சம்மன் அனுப்புகிறது. ‘விலாசதாரர் வீடு மாறிவிட்டார்’ என்று திரும்புகிறது. பேப்பரில் விளம்பரம் போடுகிறார்கள், நீங்கள் அந்தப் பேப்பர் வாங்குவதில்லை. வாய்தா அன்று ஆள் இல்லை. எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. புதுவயலில் குட்டியானை ஓட்டும் ஒருவருக்கு, அரிசி மில்லுக்கு லோடு அடித்த வாடகை வந்து விழுந்த கணக்கு நின்றபோதுதான், தன் மேல் ஒரு வழக்கு இருந்ததே தெரிந்தது.

தீர்ப்புக்கு ஆயுசு 12 வருடம். 2016-இல் வாங்கிய தீர்ப்பை 2028 வரை நிறைவேற்றக் கேட்கலாம். ஆகவே ‘3 வருடம்’ என்ற வாதத்தை நிறைவேற்று மனுவில் கொண்டுபோனால், ‘அதைத் தீர்ப்புக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும்’ என்பார்கள். நிறைவேற்றும் கோர்ட் தீர்ப்புக்குப் பின்னால் போய்ப் பார்க்காது.

செய்ய வேண்டியது இதுதான். இ-கோர்ட்ஸ் செயலியில் மாவட்டத்தையும் உங்கள் பெயரையும் கொடுத்துத் தேடுங்கள். சென்னை, சிவகங்கை இரண்டிலும் தேடுங்கள், பெயரின் எழுத்தை மாற்றி மாற்றி. வங்கி கொடுத்த பதிலில் வழக்கு எண் இருந்தால் வேலை சுலபம். அசல் வழக்கு எண், நிறைவேற்று மனு எண், எந்தக் கோர்ட், அடுத்த வாய்தா எப்போது, நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது வக்கீலைப் பாருங்கள். முதல் வேலையாகத் தீர்ப்பு, பிராது, சம்மன் திரும்பிய உறை ஆகியவற்றின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடச் சொல்லுங்கள்.

அப்புறம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆவது ஆணை, 13-ஆவது விதி. ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கோரும் மனு. தீர்ப்பு சொன்ன கோர்ட்டிலேயே போட வேண்டும். சென்னையில் தீர்ப்பு என்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும், தேவகோட்டையிலோ காரைக்குடியிலோ முடியாது. கெடு 30 நாள். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் தீர்ப்பைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 30. தெரிந்த நாள் எது என்பதற்குத்தான் வங்கியிடம் தேதி முத்திரையோடு கடிதம் வாங்கச் சொன்னேன். அதைத் தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனு, ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லி. அந்தக் காலத்தில் நீங்கள் ஊரில்தான் இருந்தீர்கள் என்பதற்கு ரேஷன் கார்டு விலாச மாற்றம், ஆதார் புதுப்பித்த சீட்டு, பிள்ளையின் பள்ளிச் சான்று, எது கிடைத்தாலும் கொடுங்கள். கூடவே நிறைவேற்றத்துக்கு இடைக்காலத் தடை கேட்க வேண்டும், இல்லையென்றால் மனு ஒரு பக்கம் நடக்கும், பணம் மறுபக்கம் போய்விடும். தீர்ப்புத் தொகையில் ஒரு பங்கைக் கோர்ட்டில் கட்டச் சொல்லி நிபந்தனை போடுவது சகஜம், அதற்குத் தயாராக இருங்கள்.

37-ஆவது ஆணையின்படி சுருக்க வழக்காகப் போட்டிருந்தால் 9-13 பொருந்தாது. அந்த ஆணையிலேயே 4-ஆவது விதி இருக்கிறது, அது இன்னும் கடுமை. உங்கள் வக்கீல் பிராதின் முதல் பக்கத்தைப் பார்த்தாலே சொல்லிவிடுவார்.

நிறைவேற்று மனுவிலும் பார்க்க வேண்டியது உண்டு. தீர்ப்பு வந்து 2 வருடத்துக்குப் பிறகு மனுப் போட்டிருந்தால், 21-ஆவது ஆணை 22-ஆவது விதிப்படி முதலில் உங்களுக்கு நோட்டீஸ் வந்திருக்க வேண்டும். வந்ததா? கார்னிஷி நோட்டீஸ் (அதே ஆணை, 46ஏ விதி) வங்கிக்குப் போனதும், வங்கி பணத்தைக் கோர்ட்டில் கட்டலாம் அல்லது கட்டாததற்குக் காரணம் சொல்லலாம். பணம் கோர்ட்டிலிருந்து கார்டு வங்கிக்குப் போகும் முன் உங்கள் ஆட்சேபம் போய்ச் சேர வேண்டும். பிற்பாடு தீர்ப்பு நீங்கினால் 144-ஆவது பிரிவில் திரும்பக் கேட்கலாம்தான், ஆனால் கொடுத்ததை வாங்குவது தனிக் கதை. கூட்டுக் கணக்கில் இருக்கும் கடன்படாத ஆள், 58-ஆவது விதியில் தனியாக உரிமை மனுப் போடலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்றால், அதற்கும் வழி உண்டு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். 15100-க்கு அழைத்தும் கேட்கலாம். அங்கே கிடைக்கும் வக்கீல் மட்டமாக இருப்பார் என்று ஒரு பேச்சு உண்டு. நான் பார்த்தவரை அது ஆளைப் பொறுத்தது, காசு கொடுத்து வைத்தவரும் அப்படித்தானே.

நடுவர் உத்தரவு வந்திருந்தால்

சென்னையிலிருந்து ‘ஆர்பிட்ரேஷன்’ என்று தலைப்பிட்ட கடிதம் வந்தால் குப்பையில் போடாதீர்கள். ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பிறகு, நடுவர் அதன் 17-ஆவது பிரிவில் போடும் இடைக்கால உத்தரவும் கோர்ட் உத்தரவு மாதிரியே அமலாகும். ஆனால் இதில் உங்களுக்கு ஒரு நல்ல பிடி இருக்கிறது: நடுவரை நியமித்தது யார்? வழக்கில் லாபநட்டம் உள்ளவர் தானே தனியாக நடுவரை நியமிக்க முடியாது என்று 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வங்கி தானாக ஒருவரைப் போட்டு, ‘ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்’ என்று உங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தால், உடனே எழுத்தில் ஆட்சேபம் சொல்லுங்கள். இடைக்கால உத்தரவு மீது 37-ஆவது பிரிவில் மேல்முறையீடு. இறுதித் தீர்ப்பே வந்துவிட்டது என்றால் அதன் நகல் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் 34-ஆவது பிரிவில் மனு. அதற்கு மேல் 30 நாள்தான் சலுகை, பிறகு கதவு சாத்தியதுதான்.

லோக் அதாலத் நோட்டீஸைக் கண்டு பயப்பட வேண்டாம். வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு அழைக்கிறார்கள். நீங்கள் சம்மதிக்காமல் அங்கே எதையும் முடிக்க முடியாது. ஆனால் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

எந்தப் பணத்தைத் தொடவே கூடாது

கோர்ட் ஜப்தி செய்யக் கூடாத பணம் எது எது என்று சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆவது பிரிவு பட்டியல் போடுகிறது. வயதானவர்களுக்கு இதுதான் பெரிய அரண். பென்ஷன், கிராஜுவிட்டி, பி.எஃப்., பி.பி.எஃப்., ஆயுள் காப்பீட்டில் வரும் தொகை ஆகியவை விலக்கு. ஓய்வுபெற்றவர் தன் பென்ஷன், கிராஜுவிட்டிப் பணத்தை நிரந்தர வைப்பில் போட்டுவிட்டார், இனி அது சாதா டெபாசிட்தானே என்று வங்கி வாதிட்டது. அப்படியில்லை, அதன் தன்மை மாறாது என்று ராதே ஷியாம் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூலித் தொழிலாளியின் கூலியும் விலக்கு. ஆத்தங்குடியில் பூக்கல் (தரை ஓடு) வார்க்கிறவருக்கும், புதுவயல் மில்லில் மூட்டை தூக்குகிறவருக்கும் இது பொருந்தும்.

சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் விலக்கு. மாதம் 25,000 சம்பளம் என்றால் 1,000 போக 24,000. அதில் 16,000 விலக்கு. ஆக 17,000-ஐத் தொட முடியாது, 8,000 வரைதான் பிடிக்கலாம். அதுவும் 24 மாதம் பிடித்துவிட்டால் அதே தீர்ப்புக்காக மேற்கொண்டு சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது.

சட்டம் தானாக வந்து உட்காராது. ‘இது பென்ஷன்’ என்று வரவுகளைக் காட்டி மனுப் போட வேண்டியது நீங்கள்தான். அதனால் இந்த மாதிரிப் பணத்தோடு வேறு பணத்தைக் கலக்காமல் தனிக் கணக்கில் வையுங்கள். சீட்டுப் பணம், நிலம் விற்ற பணம், மருமகன் அனுப்பியது எல்லாம் ஒரே கணக்கில் கிடந்தால் எது பென்ஷன் என்று பிரித்துக் காட்டுவதற்குள் தலை சுற்றிவிடும். வங்கி தானாகவே பிடிக்கும்போது 60-ஆவது பிரிவு நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் ‘கோர்ட்டே தொடக் கூடாத பணத்தை நீங்கள் எப்படித் தொடுகிறீர்கள்’ என்று புகாரில் எழுதத்தான் வேண்டும். ஒரு வரிதான், வேலை செய்யும்.

ஏஜென்ட் “பெரிய வீட்டையே ஜப்தி பண்ணிடுவோம்” என்று மிரட்டினால் பதறாதீர்கள். கோர்ட் உத்தரவு இல்லாமல், ஜப்தி செய்யும் கோர்ட் ஊழியரான அமீனா வர மாட்டார். தீர்ப்பு இருந்தாலும் கடன்பட்டவருக்கு அந்த வீட்டில் உள்ள பங்கு வரைதான் பேச்சு. பதினெட்டுப் புள்ளிக்கும் (குடும்பத்துக்கும்) பங்குள்ள வீட்டில் ஒருவனின் கார்டு கடனுக்காக யாரும் கதவைப் பூட்ட முடியாது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூல் ஆட்கள் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. நேரம், எண், பேசியது மூன்றையும் குறித்து வைத்துப் புகாரில் சேருங்கள்.

பேசி முடிப்பதென்றால்

கடன் உண்மை, தேதியும் நமக்குச் சாதகமாக இல்லை என்றால் பேசி முடிப்பதில் தப்பில்லை. வாங்கியதைக் கொடுக்க வேண்டியதுதான், கேட்பது அநியாயமாக இருக்கக் கூடாது, அவ்வளவே. பழைய பாக்கிக்கு வங்கிகள் கணிசமாகக் குறைத்துக்கொள்ளும். புதுவயல்க்காரர் தடை உத்தரவு வாங்கிய பிறகுதான் வங்கி இறங்கி வந்து பேசியது. கையில் ஒன்றும் இல்லாமல் பேசப் போனால் அவர்கள் சொன்னதுதான் விலை.

முதலில் வங்கியின் தாளில் கடிதம்: எவ்வளவு, எந்தத் தேதிக்குள், கட்டியதும் நிறைவேற்று மனுவை வாபஸ் வாங்கி லீனை எடுப்பார்கள் என்பது உட்பட. அப்புறம் பணம். பணத்தை ஏஜென்டின் ஜிபே எண்ணுக்கு அனுப்பாதீர்கள். அந்தக் கார்டு கணக்குக்கோ வங்கி குறிப்பிட்ட கணக்குக்கோ நேரடியாக. கடனை வேறு நிறுவனத்துக்கு விற்றுவிட்டோம் என்றால் விற்றதற்கான ஆவண நகலைக் கேளுங்கள், இல்லையென்றால் இன்றைக்கு ஒருவருக்குக் கட்டிவிட்டு நாளைக்கு இன்னொருவருக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். கோர்ட்டில் தீர்ப்பு இருந்தால், கட்டிய விவரத்தைக் கோர்ட்டில் பதிவு செய்யாமல் விடாதீர்கள். பதிவாகாத பணத்தை நிறைவேற்றும் கோர்ட் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. சிபிலில் ‘செட்டில்டு’ என்றுதான் வரும், ‘க்ளோஸ்டு’ என்று வராது. வீட்டுக்கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் யோசித்து முடிவெடுங்கள்.

பாக்கி இல்லை என்ற சான்றிதழ் கைக்கு வந்ததும் மறுபடி கிளைக்குப் போய்த் திரையில் லீன் பூஜ்யம் என்று பார்த்துவிட்டு, 100 ரூபாயாவது எடுத்துப் பாருங்கள். உத்தரவு வந்தும் கணினியில் நீக்க மறந்து மாதக்கணக்கில் கிடந்த லீனை நானே எடுத்திருக்கிறேன்.

லீன் நீங்கிய வாரத்திலேயே ஆச்சி தன் பெயரில் மட்டும் இன்னொரு வங்கியில் புதுக் கணக்கு தொடங்கினார். நாமினியாக மகன் பெயரைப் போட்டார், கூட்டுதாரராக அல்ல. “நாமினின்னா அவன் கடன் இங்க வராதுல்ல?” என்று மூன்று தடவை கேட்டார். வராது ஆச்சி என்று மூன்று தடவையும் சொன்னேன். வாடகைக்கு இருப்பவரிடம் புதுக் கணக்கு எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு, தேதி முத்திரை விழுந்த அந்தக் கடிதத்தை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.